அப்பாவுக்கு நான் சொன்ன நான்கு பருவங்கள்

1

மார்ச் பிறந்தால் ஹைதராபாத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிடும். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. "சாம், யூரோப் வர எது பெஸ்ட் சீசன்? மேயா, ஜூனா?" மாதாப்பூரில் என்னோடு வேலை பார்த்தவர்கள், ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் என்னோடு பள்ளிக்குப் போனவர்கள், அவர்களுடைய மைத்துனர்கள், மைத்துனர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள். நான் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்துக்கு வந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. நலமா என்று கேட்டு வந்த கடிதங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

எரிச்சலோடு என்றாலும் பதில் எழுதுவேன். மே மாதம் ஹைதராபாத் வெயிலுக்குத் தப்பி வருகிறீர்கள், சரி. ஆனால் இங்கே மே மாதத்தில் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது. பத்து நாளில் ஏழு நாடு காட்டும் பேக்கேஜில் வந்தால் பேருந்தின் ஜன்னல்தான் யூரோப். ஜூனில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு ஜூன் நடுவில் பள்ளி திறந்துவிடும். ஜூலையில் இந்த ஊர்க்காரர்களே ஊரில் இருக்க மாட்டார்கள், பாதிக் கடைகள் மூடிக் கிடக்கும். தசரா லீவில் வந்தால் மழை. கிறிஸ்துமஸுக்கு வந்தால் மூன்றரை மணிக்கு இருட்டிவிடும். "பனி பார்க்கணும், ஆனா குளிரக் கூடாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் போடவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு துல்லியமாக எழுதுகிறேனே, ஆள் விஷயம் தெரிந்தவன் என்று நினைப்பீர்கள். இந்தத் தகவல்கள் முழுவதையும் நான் தேடித் தெரிந்துகொண்டது என் சொந்த அப்பாவை இங்கே வரவிடாமல் செய்வதற்காக.

2

அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வயதில் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப் சுவருக்கு வெளியே ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டார். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் கமிட்டிச் செயலாளர். வாயைத் திறந்தால் நெல்லைத் தமிழ், கோபம் வந்தால் நடுவில், வேண்டாம் என்பதற்கு, ஹைதராபாத் உருதுவில் ஒரு 'நக்கோ'. அவருக்குக் கோபம் அடிக்கடி வரும்.

என் மனைவி கிருபா ஹைதராபாத்தின் மறுகோடியில், தார்நாகாவில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா அங்குள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். ஃபோர்மேன் மகனுக்கு விஞ்ஞானி மகள் கிடைத்ததில் அப்பாவுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

2007இல் நானும் கிருபாவும் பிரிந்தோம். காரணங்களை அடுக்கப் போவதில்லை. என் பக்கம் தவறு அதிகம், அதற்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை. மகள் எஸ்தருக்கு அப்போது ஐந்து வயது. இந்த ஊர் வழக்கப்படி அவளை வாரக் கணக்கில் பங்கிட்டுக்கொண்டோம். ஒற்றைப்படை வாரங்கள் என்னிடம், இரட்டைப்படை வாரங்கள் கிருபாவிடம். இங்கே வருடத்தின் ஒவ்வொரு வாரத்துக்கும் எண் உண்டு, அதனால் கணக்கில் குழப்பம் வராது. எஸ்தருடைய வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான். எனக்குத்தான் அதை ஹைதராபாத்துக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"உங்க வீட்டுல நீ சொல்லிடு, சாம்," என்றாள் கிருபா. "எங்க வீட்டுல நான் சொல்லிட்டேன்."

"சொல்றேன். கொஞ்சம் டைம் கொடு. அதுவரைக்கும் உங்க அப்பா அம்மா வாயத் திறக்க வேண்டாம்னு சொல்லு."

"எத்தன நாளைக்கு?"

அந்த மாதமே அப்பா தொலைபேசியில் கேட்டார்: "ரிட்டயர் ஆயாச்சு. நானும் உங்கம்மையும் ஒருக்கா வந்து பிள்ளயப் பாத்துட்டு வாரோம். எந்த மாசம் வரலாம்?"

3

முதல் வருடம் நவம்பரில் வருகிறேன் என்றார். "வேண்டாம்ப்பா, ஒரே இருட்டு. நாளெல்லாம் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கணும்." அது உண்மை. ஏப்ரலில் வரட்டுமா என்றார். "மரங்கள்லாம் மகரந்தம் கொட்டுற நேரம். அம்மாவுக்கு மூச்சுத் திணறும்." அதுவும் உண்மை. ஜூன் என்றார். "நாங்களே ஊர்ல இருக்க மாட்டோம்ப்பா, எல்லாரும் லீவுல வெளியூர் போயிருவோம்." செப்டம்பர் என்றார். "ஆபீஸ்ல பெரிய வேல முடியுற சமயம். உங்களோட ஒரு நாள்கூட உக்கார முடியாது."

இப்படி நான்கு பருவங்களும் முடிந்தன. மறுபடி நவம்பர் வந்தது.

இதற்குப் பின்னால் ஒரு தாள் இருந்தது. பெற்றோரை அழைக்க வேண்டுமென்றால் படிவத்தோடு இங்குள்ள வரி அலுவலகம் தரும் ஒரு சான்றையும் இணைத்து ஹைதராபாத்துக்கு அனுப்ப வேண்டும். என் பெயர், பிறந்த தேதி, முகவரி, குடும்ப நிலை எல்லாம் அதில் இருக்கும். குடும்ப நிலை என்ற இடத்தில் 'மணமுறிவு பெற்றவர்' என்று அச்சாகியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம், அந்த ஒரு வரி இல்லாமல் தர முடியுமா என்று கேட்டேன். என் ஸ்வீடிஷ் அவ்வளவு சுத்தமில்லை. நான் அந்த வரி தவறு என்று சொல்வதாக அவள் புரிந்துகொண்டு, கணினியில் பார்த்துவிட்டு, "நீங்கள் மறுபடி திருமணம் செய்துகொண்டீர்களா? வாழ்த்துகள்" என்றாள். தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதை அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவுக்குப் பேசுவேன். எஸ்தர் என்னிடம் இருக்கும் வாரத்தில் அவளிடம் கொடுப்பேன். அவள் அவரை இந்த ஊர் முறைப்படி 'ஃபார்ஃபார்' என்று கூப்பிடுவாள், அப்பாவின் அப்பா என்று அர்த்தம். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"பார் பார்னா என்னல? இங்கிலீஷ்ல தூரம் தூரம்னு அர்த்தம். சரியாத்தான் கூப்பிடுதா."

எஸ்தர் என்னிடம் இல்லாத வாரத்தில் நீச்சல் வகுப்பு, பிறந்தநாள் விருந்து, காய்ச்சல் என்று ஏதாவது சொல்வேன். கிருபா கடைக்குப் போயிருப்பாள். மூன்று வருடங்களாக அவள் கடையில்தான் இருந்தாள்.

4

2010இல் சபையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அடக்கத்துக்குத் தார்நாகாவிலிருந்து கிருபாவின் பெற்றோரும் வந்திருக்கிறார்கள். கிருபாவின் அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. கல்லறையிலிருந்து திரும்பி நடக்கும்போது யாரோ வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேச்செடுக்க, அவர் சொல்லியிருக்கிறார்: "போனா ஜூன்லதான் போகணும். நாங்க இந்த ஜூன் மூணு வாரம் கிருபா வீட்ல இருந்தோம்லா, ராத்திரி பதினோரு மணிக்கும் பளிச்சுன்னு வெளிச்சம்!"

என் அப்பா இரண்டடி பின்னால் நடந்துகொண்டிருந்தார். அந்த ஜூனில்தான் நாங்கள் ஊரிலேயே இல்லை என்று அவரிடம் நான் சொல்லியிருந்தேன்.

என்னிடம் அவர் அதைக் கேட்கவில்லை. அடுத்த நான்கு மாதங்கள் ஞாயிறு தோறும் வழக்கம்போலப் பேசினார். டிசம்பரில் நான் ஹைதராபாத் போனேன், தனியாக. கிருபாவுக்கு லீவு இல்லை, எஸ்தருக்குப் பள்ளி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். அம்மா அடுப்படியில் இருந்தார். அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கிருபா எப்படியிருக்கா?"

"நல்லா இருக்காப்பா."

"எந்த வீட்ல நல்லா இருக்கா?"

அவர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த சபைக் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்தார். ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையிலும் பென்சிலால் ஒரு குறி இருந்தது.

"இந்த ஞாயிறு பிள்ள பேசுனா. அடுத்த ஞாயிறு நீச்சல். இதுல பேசுனா. இதுல காய்ச்சல். இதுல பேசுனா. இதுல பொறந்தநாள் பார்ட்டி. வாரம் விட்டு வாரம், ஒண்ணுகூடத் தப்பல. ஏல, முப்பத்தாறு வருசம் ஃபேக்டரில ஆளுகளுக்கு ஷிப்ட் போட்டவன் நான். பிள்ளைக்கு ஷிப்ட் போட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பா, நான் சொல்லணும்னுதான்..."

"நக்கோ. ஒண்ணும் சொல்லாண்டாம். மூணு வருசமா நீ சொன்னதே போதும். இருட்டுன்னே. மகரந்தம்னே. நானும் கூறுகெட்டுப்போயி அந்த ஊரு மரத்துப் பேரெல்லாம் உங்கம்மைக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அம்மா கரண்டியோடு வந்து நின்றார். அழுது முடித்த முகம் என்று பார்த்ததும் தெரிந்தது. ஆனால் அது அன்று ஒருநாள் அழுத அழுகை போலில்லை.

"எங்ககிட்ட சொல்லியிருந்தா கடிச்சா தின்னுருப்போம்?" என்றார். "அந்தப் பிள்ள ரெண்டு வீட்டுக்கும் துணியத் தூக்கிக்கிட்டு அலையுதான்னுகூட எனக்குத் தெரியாம வச்சிட்டியே."

நான் கோபப்பட்டேன். குற்றம் செய்தவனுக்கு வரும் கோபம்தான், அதனால் சத்தம் அதிகமாக இருந்தது. சபையில் எத்தனை வீடுகளைப் பற்றி நீங்கள் என்னென்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாதா, மறுமணம் செய்துகொண்ட ஒருத்தியை மூன்றாம் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போக வைத்தவர்கள்தானே நீங்கள், உங்களிடம் நான் எப்படிச் சொல்வேன் என்று கத்தினேன். அப்பா அலமாரியிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். திறந்து பார்த்தேன். இரண்டிலும் விசா ஒட்டியிருந்தது.

"தெலங்கானா பந்த் இல்லாத ஒரு நாளாப் பாத்து பஸ் மாறி தார்நாகாவுக்குப் போனேன். கிருபா நம்பர வாங்குனேன். அவளுக்குப் பேசுனேன். ஒரே வாரத்துல பேப்பர் அனுப்பிட்டா."

அவளுடைய தாளிலும் அதே சொல்தான் இருந்திருக்கும். அவளுக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை.

"என்னைக் கேக்காம எப்படிப்பா..."

"உன்னத்தானல மூணு வருசமாக் கேட்டேன்."

பயணம் பிப்ரவரியில் என்றார். அது இருப்பதிலேயே மோசமான மாதம், தரையெல்லாம் ஐஸ், வழுக்கி விழுந்து எலும்பு முறித்துக்கொள்வீர்கள் என்றேன். முதல்முறையாக நான் பருவத்தைப் பற்றி மனதாரச் சொன்னது அதுதான்.

"அது தெரிஞ்சுதான் போட்டேன். எந்த மாசம் ரொம்ப மோசம்னு கிருபாகிட்ட கேட்டேன். பிப்ரவரின்னா. அப்ப அதையே போடும்மான்னுட்டேன். நல்ல மாசத்த எல்லாம் நீ வேண்டாம்னுட்டே. மிச்சம் அதுதான இருக்கு?" பாஸ்போர்ட்டுகளை வாங்கி மறுபடி அலமாரியில் வைத்தார். "உன் வீட்டுக்கு வரல. மருமக வீட்டுக்குப் போறோம்."

5

விமான நிலையத்துக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கிருபாவும் எஸ்தரும் ஒரு தூணுக்கருகில் நின்றார்கள், நான் பத்தடி தள்ளி நின்றேன். அப்பா மங்கி குல்லாவும், செகந்திராபாத்தில் வாங்கிய தடித்த கோட்டுமாக வெளியே வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். தள்ளுவண்டியை நேராகக் கிருபாவிடம் கொண்டுபோனார்.

"உனக்கு இன்னைக்கு வேல இல்லையா?" என்று மட்டும் என்னைக் கேட்டார்.

மூன்று வாரங்கள். அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் கிருபாவோடோ எஸ்தரோடோ டிராம் பிடித்து என் ஃபிளாட்டுக்கு வந்துவிடுவார். மூச்சிரைக்க மாடியேறி வந்து, மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, என் அலமாரியைத் திட்டிக்கொண்டே அடுக்குவார். அப்பா வரவில்லை. காலையில் எஸ்தரைப் பள்ளியில் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் அவர் வேலையாகிவிட்டது. கிருபா அவருடைய ஷூவுக்கடியில் மாட்டும் இரும்பு முட்களை வாங்கிக் கொடுத்திருந்தாள். ஒருநாள் ஆபீஸுக்குப் போகும் வழியில் எதிர்ப்பக்க நடைபாதையில் அவர்களைப் பார்த்தேன். அவர் கையை எஸ்தர்தான் பிடித்திருந்தாள், வழுக்கும் இடங்களில் அவரை நிறுத்தி நிறுத்திக் கூட்டிப்போனாள். அவர் தமிழில் ஏதோ கேட்க, அவள் ஸ்வீடிஷில் நீளமாக ஏதோ சொன்னாள். அவர் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினார். நான் கையை உயர்த்தவில்லை. அவர் பார்த்திருந்தால் கோபத்தில் வேகமாக நடந்து விழுந்திருப்பார்.

இரண்டாம் வாரம் எஸ்தர் என்னிடம் வரவேண்டிய முறை. வெள்ளிக்கிழமை மாலை கதவு மணி அடித்தது. பள்ளிப் பையோடு எஸ்தர் உள்ளே ஓடினாள். அவளுடைய துணிப்பையோடு அப்பா வாசலில் நின்றார். பையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"உள்ள வாங்கப்பா."

"நீ எங்க என்னக் கூப்பிட்டே?"

"இப்பக் கூப்பிடுதேன்."

அவர் அசையவில்லை. படிக்கட்டு விளக்கு தானாக அணைந்துவிட்டது. இந்த ஊர் விளக்குகள் அப்படித்தான், கொஞ்ச நேரம்தான் எரியும். நான் சுவரைத் தடவி மறுபடி போட்டேன். அப்பா குனிந்து ஷூவின் முட்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் இருந்தார். கோட்டைக் கழற்றவில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, அம்மா வைத்துவிட்டுப் போன குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். சோறு குழைந்துவிட்டது என்றார். ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது, இத்தனை வருடத்தில் உனக்கு அதை அடைக்கத் தெரியவில்லையா என்றார். எஸ்தரின் கட்டில் எது என்று கேட்டார். காட்டினேன். மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார், போர்வையை விரித்துப் பார்த்து மறுபடி மடித்து வைத்தார். பிரிந்தது பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது, "சபையில கடைசி வரிசைக்குப் போனாளே ஒருத்தி, அதச் சொன்னேல்லா. அதுல நானும் உண்டு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

6

அவர்கள் திரும்பிப்போன முதல் ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு சபை வளாகத்தில் எல்லோரும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். இதை அம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"எப்படி இருந்துச்சு அண்ணாச்சி? பனி பாத்தீங்களா? நாங்க எந்த சீசன்ல போனா நல்லா இருக்கும்?"

அப்பா சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "சீசனெல்லாம் எனக்குத் தெரியாது. மருமக வீட்ல மூணு வாரம் இருந்தோம். மகன் வீட்ல நான் ஒரு வேள சாப்பிட்டேன். ரெண்டும் வேற வேற வீடு. நாலு வருசமாச்சு. இனிமே அதப் பத்தி யாருக்காவது பேசணும்னா எங்கிட்ட வந்து பேசுங்க, உங்க வீட்டுல போயிப் பேசாண்டாம்."

அதே வாரம் செயலாளர் பதவியை விட்டுவிட்டாராம். யாரும் கேட்கவில்லை, அவராக விட்டார். "அப்பா இப்ப கடைசி வரிசையிலதான் உக்காருதாவ," என்றார் அம்மா. "நானும் அங்கதான்."

என் வாழ்க்கையை என்னைக் கேட்காமல் சபை வளாகத்தில் வைத்துச் சொல்ல இவருக்கு யார் உரிமை கொடுத்தது? போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ஏன்ப்பா எல்லார் முன்னாலயும் சொன்னீங்க?"

"நீ எத்தன வருசம் பொய் சொன்னே? நான் ஒருநாள் உண்மையச் சொன்னா வலிக்கா?"

"வலிக்குதுப்பா."

"வலிக்கட்டும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வலி இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் நான் மறுபடியும் பொய் சொல்பவனாவேன். அவர் இப்போதும் என்னிடம் மூன்று வாக்கியங்களுக்கு மேல் பேசுவதில்லை. நானும் இழுப்பதில்லை.

போன ஞாயிறு அவரே அழைத்தார். "பிள்ளகிட்ட குடு" என்றார். எஸ்தர் என்னிடம் இருந்தாள். பத்து வயதாகிறது. என்னிடம் ஸ்வீடிஷிலேயே பேசுகிறாள், நான் தமிழில் கேட்டாலும் ஸ்வீடிஷில்தான் பதில் வரும். போனை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தத்தை மீறி அவள் குரல் கேட்டது.

"தாத்தா, நீங்க எப்ப வாரீங்க?"

குழாயை மூடினேன். அந்த 'வாரீங்க' நான் சொல்லிக் கொடுத்ததில்லை. மறுமுனையில் அப்பா என்ன சொன்னாரோ, அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

"தாத்தா கேக்காவ, அவங்க வந்தா நீங்க வீட்ல இருப்பீங்களான்னு."

"எந்த மாசம்னு கேளு," என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"இருப்பேன்னு சொல்லு."

சொன்னாள்.

"சரியாம்," என்றாள்.